சிட்டு கேட்ட கேள்வி

பிரேக் மாஸ்டருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். பயிற்சிக் காரில் கற்றுக்கொள்பவர் பக்கம் எல்லாம் இருக்கும்: ஸ்டீயரிங், கியர், ஆக்சிலரேட்டர், ஹாரன். மாஸ்டர் உட்காரும் பக்கத்தில் காலுக்குக் கீழே ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அவ்வளவுதான். பாதி ஆயுளை அந்த இருக்கையில் கழித்ததில் அவருடைய வலது காலுக்கென்று தனியாக ஒரு சுபாவம் வந்துவிட்டது. பேருந்தில் போனாலும் மிதிக்கும். சினிமாவில் கார் துரத்தினாலும் மிதிக்கும். அக்கா வீட்டுச் சோபாவில் சாய்ந்திருக்கும்போது அக்கா, "ஏன்டா, நாற்பதும் தாண்டிடுச்சு, உனக்கு ஒரு பொண்ணு பார்க்கட்டுமா?" என்று ஆரம்பித்தால், அங்கேயும் தரையை ஒரு மிதி மிதிக்கும். பேச்சு அதோடு நின்றுவிடும்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே நாளில், முன்பின் தெரியாத எத்தனையோ ஆயிரம் பேரிடம், அதுவும் அவரவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து, என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறீர்களா என்று கேட்டுவிட்டார். சத்தியமாகத்தான் சொல்கிறேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேளுங்கள்.

பயிற்சிப் பள்ளியின் பின்னறையில் ஒரு வரிசைக் கணினிகள் உண்டு. எழுத்துத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்க வைத்தவை. எல்லாம் கிழடுதட்டிப் போனவை. பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே போய் நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருக்கும். "இதுங்களைத் தூக்கிக் கடாசு தம்பி" என்றார் பள்ளியின் முதலாளியம்மா. மாஸ்டருக்கு மனசு வரவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு, இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதன் சின்னம் ஒரு சிட்டுக்குருவி. அதனால் தமிழ் ஆட்கள் எல்லாரும் அதைச் சிட்டு என்றே கூப்பிட்டார்கள்.

சிட்டு வந்ததும் வராததுமாக அவரை வரவேற்றது. எந்த மொழி என்று கேட்டது. என்ன பெயர் என்று கேட்டது. பிறகு, நீங்கள் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற தோரணையில் தன் பாட்டுக்கு வேலையை முடித்தது. திரையின் கீழே ஒரு பட்டை, மூலையில் ஒரு கடிகாரம், இடப்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரு பொத்தான். எதைத் தேடினாலும் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கிழட்டுக் கணினிகள் சட்டென்று எழுந்து ஓட ஆரம்பித்தன. மாஸ்டர் பரவசத்தில் அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் அக்கா வீட்டுக்குப் போய் அங்கேயிருந்த கணினியிலும் ஏற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். சிட்டுவுக்கு விலை கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம், பூட்டும் கிடையாது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை ஊருக்கெல்லாம் கொடுக்கலாம்.

இந்தத் திருத்தும் விவகாரத்தில்தான் அவர் மாட்டிக்கொண்டார். தேர்வுக்குப் படிக்க வந்த ஒரு பெரியவர், எதையோ தட்டப்போய்த் திரையில் 'உயிர்க்கொல்லிப் பிழை ஏற்பட்டது' என்று ஓர் அறிவிப்பு வந்தது. பெரியவர் வெலவெலத்துப் போனார். கணினியே இப்படிச் சொல்லும்போது கார் என்ன சொல்லுமோ என்று எழுந்து போனவர் திரும்பவே இல்லை. மாஸ்டருக்கு வந்ததே கோபம். வண்டியை நிறுத்திவிட்டு முழிக்கும் ஆளிடம், "ஒண்ணுமில்ல, உங்க தப்பு இல்ல, மறுபடி சாவியைத் திருப்புங்க" என்று சொல்வதுதான் அவருடைய தொழிலே. சிட்டுவின் தமிழ்க் குழுவுக்கு நீளமாக ஒரு புகார் எழுதினார். பதில் ஒரே வரியில் வந்தது: "நியாயமான புகார். நீங்களே திருத்துங்கள்."

அனுப்பியவர் பெயர் தாழ்ப்பாள்.

தாழ்ப்பாள் என்பது குழுவில் எல்லாரும் ஆசையும் பயமும் கலந்து வைத்த பட்டப்பெயர். அவர் ஒப்புதல் கொடுக்காமல் ஒரு வரி உள்ளே போகாது. நிஜ வாழ்க்கையில் அவர் ஓர் இரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்த்தார். நாளெல்லாம் ஊசியைப் பார்த்து நடுங்குகிறவர்களைச் சமாளிப்பது அவர் பிழைப்பு. அதனாலோ என்னவோ, திரையைப் பார்த்து யாரும் நடுங்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். கணினியில் முதன்முதலாக உட்காருகிறவருக்கும் ஒரே வாசிப்பில் புரிய வேண்டும், திட்டுகிற மாதிரி இருக்கக் கூடாது. இந்த இரண்டில் எது குறைந்தாலும் நிராகரிப்புதான்.

மாஸ்டர் திருத்தினார். 'ஒரு கோளாறு. உங்கள் தவறு இல்லை. மறுபடி முயலுங்கள்.' அந்த வரிக்கு உடனே ஒப்புதல் கிடைத்தது. அன்றிலிருந்து பயிற்சிக்கும் பயிற்சிக்கும் நடுவில் கிடைக்கும் நேரமெல்லாம் சிட்டுவுக்குப் போனது.

மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெட்டி. அதில் பரிந்துரையை எழுதிச் சேமித்தால் அது தாழ்ப்பாளின் வரிசையில் போய் நிற்கும். அவர் பார்த்து ஒப்புதல் கொடுப்பார், அல்லது காரணம் எழுதி நிராகரிப்பார். மாஸ்டர் இதில் ஒரு குறும்பைக் கண்டுபிடித்தார். முதலில் ஒரு விளையாட்டு வரியை அனுப்புவது, அது நிராகரிப்பானதும் ஒழுங்கான வரியை அனுப்புவது.

'குப்பைத்தொட்டி காலியாக உள்ளது' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'குப்பைத்தொட்டி காலி. வீட்டில் மெச்சிக்கொள்வார்கள்' என்று எழுதினார். "நிராகரிப்பு. கணினிக்கு வீட்டு நிலவரம் தெரியாது" என்றார் தாழ்ப்பாள். 'அச்சுப்பொறி கிடைக்கவில்லை' என்பதற்கு 'அச்சுப்பொறி கோபித்துக்கொண்டு போய்விட்டது' என்று எழுதினார். "நிராகரிப்பு. யார் மேல் கோபம் என்று தெளிவில்லை." மின்கலம் தீர்ந்துவரும்போது காட்டும் அறிவிப்புக்கு வெறுமனே 'பசிக்கிறது' என்று எழுதினார். அதற்கு வந்த பதில்: "நிராகரிப்பு. ஆனாலும் சிரித்துவிட்டேன்."

ஆனாலும் சிரித்துவிட்டேன்! மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு ஒரு மாணவி வண்டியைப் பின்னால் எடுக்கும்போது குப்பைத் தொட்டியை இடித்துச் சாய்த்தார். மாஸ்டர், "பிரமாதம், பிரமாதம்" என்று கைதட்டினார்.

மாதம் ஒருமுறை குழு நூலகத்தின் மாடியறையில் கூடும். அங்கே தாழ்ப்பாள் அவருக்கு எதிர் நாற்காலியில்தான் உட்காருவார். ஒல்லியான ஆள், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி, சிரிக்கும்போது மேசையை ஒரு தட்டு தட்டும் பழக்கம். தனியாகத்தான் இருக்கிறார் என்பது மாஸ்டருக்குத் தெரியும். கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது ஒவ்வொரு முறையும் ஏதோ சொல்ல வாயெடுப்பார். கால் படியை அழுத்தி மிதிக்கும். வாய், "இந்தப் புது எழுத்துரு கொஞ்சம் தடிமனா இருக்குல்ல?" என்று கேட்டுவிடும். தாழ்ப்பாளும் பொறுமையாக எழுத்துருவைப் பற்றிப் பேசுவார். இப்படியே எத்தனை எழுத்துருவைப் பற்றித்தான் பேசுவது?

அப்போதுதான் சிட்டுவின் அடுத்த பதிப்பு வந்தது. கணினியை நிறுத்தும்போது வரும் கேள்வியை உருவாக்குநர்கள் மாற்றியிருந்தார்கள். முன்பு அது விறைப்பாக இருக்கும். இப்போது கொஞ்சம் மரியாதையாக, கணினியை நிறுத்த விரும்புகிறீர்களா என்று கேட்க வேண்டும். கீழே ஆம், இல்லை, பிறகு என்று மூன்று பொத்தான்கள். அதற்கும் கீழே மாஸ்டரே முன்பு எழுதி ஒப்புதல் வாங்கிய ஒரு வரி: 'பதில் தராவிட்டால், ஒரு நிமிடத்தில் இது தானாகவே நடந்துவிடும்.'

அந்தக் கேள்வி மொழிபெயர்ப்புக்காக மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாஸ்டர் முன்னால் வந்து நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கம்போல ஒரு விளையாட்டு வரி அனுப்பலாம். தாழ்ப்பாள் வரிசையில் போய் நிற்கும். அவர் மட்டும் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் நிராகரிப்பு என்று ஒரு வார்த்தை, விளையாட்டோடு விளையாட்டாகப் போய்விடும். இதைவிடப் பத்திரமான வழி ஒரு பயந்தாங்கொள்ளிக்கு எங்கே கிடைக்கும்?

'என்னைத் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறீர்களா?'

எழுதிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு சேமிக்கும் பொத்தானை அமுக்கினார். கண்ணைத் திறப்பதற்குள் வாசலில் ஹாரன் அடித்தது. அடுத்த மாணவர் வந்துவிட்டார். மாஸ்டர் கணினியை மூடிவிட்டு ஓடினார்.

அந்தப் பொத்தானில் அன்றைக்கு வேறு வாசகம் இருந்ததை அவர் பார்க்கவில்லை. காலையில் வந்து கிடந்த ஒரு மின்னஞ்சலையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் நிராகரிப்பு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை. ஒரு திட்டுகூட இல்லை. விளையாட்டு எல்லை மீறிவிட்டது, இனிமேல் முகத்தில்கூட விழிக்க மாட்டார் என்று முடிவுகட்டினார். அன்றைக்குக் காரில் ஏறிய மாணவர்கள் பாவம். காலியான சாலையில்கூடப் பிரேக் விழுந்துகொண்டே இருந்தது.

பள்ளியை மூடும் நேரம். முன்னறையிலிருந்து முதலாளியம்மா குரல் கொடுத்தார்.

"தம்பி! கொஞ்சம் இங்க வா. இது என்னமோ கேக்குது."

மாஸ்டர் போய் அவர் கணினியை எட்டிப் பார்த்தார். திரையின் நடுவில், அழகான பெட்டிக்குள், தெளிவான எழுத்தில் அந்தக் கேள்வி. கீழே ஆம், இல்லை, பிறகு. அதற்கும் கீழே, பதில் தராவிட்டால் ஒரு நிமிடத்தில் இது தானாகவே நடந்துவிடும். பக்கத்தில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன.

"என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எவ்வளவு வருஷம் ஆச்சு" என்றார் முதலாளியம்மா. "ஒருத்தர் வாயைத் திறந்து கேட்டதில்ல. இது கேக்குது. எனக்கு ஒண்ணும் கோபமில்ல தம்பி. ஆனா யோசிக்க ஒரே நிமிஷம்தான் குடுக்குது பாரு, அது எனக்குப் பிடிக்கல."

மாஸ்டர் பாய்ந்து இல்லை என்ற பொத்தானை அமுக்கினார்.

"ஏன், நான் பதில் சொல்ல மாட்டேனா?" என்றார் முதலாளியம்மா.

அதற்குள் பின்னறையில் சிரிப்பு வெடித்தது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கணினியை நிறுத்தப் பார்த்திருக்கிறார்கள். "மாஸ்டர், ஆமாம்னு சொன்னாத்தான் அணையுது! இல்லைன்னா விடவே மாட்டேங்குது!" என்று ஒருவர் கத்தினார். "நான் பிறகுன்னு போட்டிருக்கேன், வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் இன்னொருவர்.

மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலாளியம்மாவின் நாற்காலியிலேயே உட்கார்ந்து தளத்தைத் திறந்தார். அந்த வரியின் பக்கத்தில் பச்சை நிறத்தில் எழுதியிருந்தது: 'ஒப்புதல் அளித்தவர், பிரேக் மாஸ்டர்.' அப்புறம்தான் அந்தப் பழைய மின்னஞ்சலைத் திறந்தார்.

"இனி உங்கள் வரிகளை நான் சரிபார்க்கத் தேவையில்லை என்று தோன்றுகிறது. உங்களுக்கும் ஒப்புதல் உரிமை கொடுத்திருக்கிறேன். அதற்காக விளையாட்டு வரிகளை நிறுத்திவிடாதீர்கள். அவற்றைக் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். அவை இல்லாவிட்டால் எனக்கு நாள் ஓடாது. தாழ்ப்பாள்."

அவை இல்லாவிட்டால் நாள் ஓடாது. மாஸ்டர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். சிரிக்கவா, தலையில் அடித்துக்கொள்ளவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். தாழ்ப்பாள் நம்பிக் கொடுத்த உரிமையாலேயே அவர் பெயரைக் கெடுத்தாயிற்று. ஒப்புதலான வரிகளைத் திரட்டி நண்பகல் தோறும் ஊருக்கெல்லாம் அனுப்புவது ஒரு தானியங்கி. மனுஷனாக இருந்திருந்தால் ஒரு போன் போட்டு, என்னய்யா இது என்று கேட்டிருப்பான்.

புகார்ப் பகுதியைத் திறந்தால் அது நிரம்பி வழிந்தது. "கணினி என்னை ஒரு கேள்வி கேட்டது. எனக்கு ஏற்கெனவே மணமாகிவிட்டது. இனி எப்படி அணைப்பது?" என்று ஒருவர். "ஆம் என்றேன். உடனே அணைந்துவிட்டது. என் முதல் கணவரும் இப்படித்தான்" என்று ஒரு பெண். "இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், மறுபடியும் அதையே கேட்கிறது. விடாமுயற்சியைப் பாராட்டுகிறேன்" என்று ஒருவர். ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர், "நன்றி. யோசிக்க அவகாசம் தேவை" என்று எழுதியிருந்தார். அடியில் யாரோ, "தயவுசெய்து இதைச் சரிசெய்ய வேண்டாம்" என்று போட்டிருக்க, அதற்கு ஏகப்பட்ட பேர் கைதூக்கியிருந்தார்கள்.

போன் அடித்தது. அக்கா.

"டேய், உன் அத்தான் கம்ப்யூட்டர்ல எவளோ ஒருத்தி கல்யாணம் பண்ணிக்கிறீங்களான்னு கேக்கறா! இந்த மனுஷன் ஒண்ணும் தெரியாத மாதிரி முழிக்கிறார். யாருடா அவ?"

"அக்கா, அது அவ இல்ல. நான்."

"என்னது?"

"நான் கேட்டதுதான் அது, அக்கா. அத்தானை இல்ல."

அக்காவின் குரல் மெல்ல, நம்ப முடியாமல் வந்தது. "நீ... கேட்டியா? வாயைத் திறந்து? யாருகிட்டடா?"

"எல்லார்கிட்டயும் போயிடுச்சு. கேக்க நினைச்சது ஒருத்தர்கிட்ட."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அவங்க இன்னும் பார்க்கல" என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் அது அவருக்கே உறைத்தது.

ஆமாம், பார்த்திருக்க முடியாது. தாழ்ப்பாள் வீட்டுக் கணினியை ஆங்கிலத்தில் வைத்திருப்பார், மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க. ஆய்வகத்துக் கணினியில் தமிழ்ச் சிட்டுதான், ஆனால் அதை ஆய்வகம் மூடும்போதுதான் நிறுத்துவார்கள். ஊரெல்லாம் பார்த்துவிட்ட கேள்வியை, யாருக்காக எழுதினாரோ அவர் மட்டும் பார்க்கவில்லை! இப்போதே வரியைத் திருத்திவிட்டால் தப்பிக்கலாம். நாளை நண்பகலில் திருத்தம் போய்ச் சேர்ந்துவிடும். தாழ்ப்பாள் கேட்டால் கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

வரியைத் திருத்தினார். அதில் அவருக்குத் தயக்கமே இல்லை. யாரோ பாவம், வேலை முடித்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் எதற்கு அவர்களைப் படுத்துவது? ஆனால் ஒப்புதலான வரியை மாற்றினால் தளம் காரணம் கேட்கும். காரணம் என்ற பெட்டி திறந்துகொண்டு நின்றது. மாஸ்டர் 'கை தவறிவிட்டது' என்று எழுதினார். மேசைக்கு அடியில் வலது கால் தரையை நசுக்கிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, அங்க ஏது பிரேக்கு?" என்றார் முதலாளியம்மா. பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டார் போலிருக்கிறது.

மாஸ்டர் குனிந்து காலைப் பார்த்தார். மெதுவாகக் காலை எடுத்து, சம்மணம் போட்டு நாற்காலி மேல் உட்கார்ந்துகொண்டார். எழுதியதை அழித்தார். புதிதாக எழுதினார்: 'கேள்வி உண்மையானது. கேட்ட இடம்தான் தவறு.' இந்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே அமுக்கினார்.

ஒப்புதலான வரி மாறினால் குழுத் தலைவரான தாழ்ப்பாளுக்கு உடனே தகவல் போகும். போயிற்று. கருத்துப் பெட்டியில் எழுத்துகள் வர ஆரம்பித்தன.

"பழைய வரிக்கு ஒப்புதல் அளித்தது யார்?"

"நான்."

"உங்களுக்கு உரிமை அளித்தது யார்?"

"நீங்கள்."

முதலாளியம்மா தன் நாற்காலி போனதால் இன்னொன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னறைக் கூட்டம் வாசலில் வந்து நின்றது. யாரும் வீட்டுக்குப் போவதாக இல்லை.

"வரியில் சூழல் குறிப்பு இல்லை. பயனர்கள் எல்லாரிடமும் கேட்கப்படுகிறதா, ஒருவரிடமா?"

"ஒருவரிடம்."

பிறகு ஒரே வார்த்தை வந்தது.

"நிராகரிப்பு."

மாஸ்டருக்கு முகம் செத்துப்போயிற்று. வாசலில் நின்றவர்கள், "ச்சே!" என்றார்கள். முதலாளியம்மா அவர் தோளில் கையை வைத்தார். அதற்குள் இன்னொரு வரி வந்து விழுந்தது.

"மூலத்தில் இல்லாத கேள்வி. இதை நேரில்தான் கேட்க வேண்டும். ஆய்வகம் மூடுவதற்குள்."

அங்கே எழுந்த கூச்சலில் எதிர்க்கடைக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார். மாஸ்டர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார். பயிற்சிக் காரின் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி, பழக்க தோஷத்தில் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, கார் கிளம்பாததைக் கண்டு திகைத்தார்.

"அந்தப் பக்கம் போ" என்றார் பின்னாலேயே வந்த முதலாளியம்மா. "இது என் இடம்."

ஆக, பல வருடத்துக்குப் பிறகு மாஸ்டர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். முதலாளியம்மா பக்கத்தில், பிரேக் காலுக்கடியில். கூரைமேல் பயிற்சி வாகனம் என்ற பலகை. எத்தனையோ பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர் முதல் திருப்பத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டார். பின்னாலிருந்து ஹாரன்கள் கத்தின.

"ஒண்ணுமில்ல, உன் தப்பு இல்ல, மறுபடி சாவியைத் திருப்பு" என்றார் முதலாளியம்மா.

"அம்மா, முன்னாடி பஸ்! பிரேக் போடுங்க!"

"பஸ் எங்கயோ கிடக்கு. நான் போட மாட்டேன். நீ போ."

ஓரமாக ஒதுங்கிய ஒரு ஸ்கூட்டர்க்காரர் பலகையைப் பார்த்துவிட்டு, "நல்லாக் கத்துக்கங்க சார்" என்று வாழ்த்தினார். மாஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். காற்று முகத்தில் அடித்தது. ஆக்சிலரேட்டர் என்று ஒன்று இருப்பதும், அதை மிதித்தால் உலகம் இப்படி விலகி வழிவிடும் என்பதும் அவருக்கு அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது. சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆனால் சந்தோஷம் முந்திக்கொண்டு ஓடியது.

ஆய்வகம் முதல் மாடியில். படியெல்லாம் ஸ்பிரிட் வாசனை. உள்ளே ஒரே ஒரு ஆள் மிச்சம். ஆஜானுபாகுவான மனிதர், ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பின்னால் வெள்ளை அங்கியில் தாழ்ப்பாள். மூக்குக்கண்ணாடி கழுத்தில் தொங்கியது. மாஸ்டர் மூச்சிரைக்க வந்து நின்றதைப் பார்த்தும் முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"சொல்லுங்க" என்றார்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். பழைய வழக்கம் தொண்டைவரை வந்துவிட்டது. "இந்தப் புது எழுத்துரு..."

"எழுத்துருவா?" என்றது பின்னால் படியிலிருந்து ஒரு குரல். மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த முதலாளியம்மா. "இதுக்கா நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தேன்?"

மாஸ்டர் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றார். அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. பஞ்சுக்காரர் கண்ணைத் திறந்துவிட்டார்.

தாழ்ப்பாள் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக் கூடையில் போட்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மேடைமேல் இருந்த கணினியில் நிறுத்தும் பொத்தானை அமுக்கி, திரையை மாஸ்டர் பக்கம் திருப்பினார். அங்கே அந்தக் கேள்வி. திருத்தம் நாளைக்குத்தானே வரும், இது நேற்றைய வரியையே கேட்டது.

"ஒரு வரியை மட்டும் தனியாப் பார்த்து ஒப்புதல் குடுக்கக் கூடாது. கீழே இருக்கிற வரியோட சேர்த்துத்தான் பார்க்கணும். உங்களுக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

கீழே இருந்தது மாஸ்டரே எழுதிய வரி. பதில் தராவிட்டால், ஒரு நிமிடத்தில் இது தானாகவே நடந்துவிடும். நொடிகள் குறைய ஆரம்பித்தன.

தாழ்ப்பாளின் கை மவுஸை நோக்கிப் போனது. மாஸ்டர் இல்லை என்ற பொத்தானைப் பார்த்தார். அது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. தாழ்ப்பாள் மவுஸை எடுத்தார். மேடையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"யாரும் எதையும் அமுக்கிடாதீங்க" என்றார் பஞ்சுக்காரர் கிசுகிசுப்பாக.

யாரும் அமுக்கவில்லை. முதலாளியம்மா பஞ்சுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். எண்கள் இறங்கின. தாழ்ப்பாள் திரையைப் பார்க்கவில்லை, மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் ஏதோ துடித்தது. கடைசி எண்ணும் போயிற்று. சிட்டுக்குருவி ஒருமுறை சிறகடித்துவிட்டுத் திரை இருண்டது.

தாழ்ப்பாள் மேடையை ஒரு தட்டு தட்டினார். அப்புறம் சிரிப்பை அவரால் நிறுத்த முடியவில்லை, மாஸ்டராலும் முடியவில்லை.

"ஐயோ, உங்க வேலை!" என்றார் மாஸ்டர் திடீரென்று பதறி. "இன்னைக்கு எடுத்த பரிசோதனை முடிவெல்லாம் அதுல இருந்ததே? சேமிக்கலையே நீங்க!"

"எல்லாத்தையும் அப்பவே சேமிச்சுட்டேன்" என்றார் தாழ்ப்பாள். "நீங்க கிளம்பறதுக்கு முன்னாடியே."